பனிக்கு அடியில் என் ஆப்பிள் கன்று உயிரோடு இருக்கிறதா?

துளிர் | ஜனவரி 11

பனிக்காலத்தில் எனக்கென்று ஒரு தோட்டம் இருப்பது இதுதான் முதல் தடவை. அக்டோபர் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது.

மூன்று வயது ஆப்பிள் கன்று ஒன்று இருக்கிறது. இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறது. ஒரு சிறு கிளையை வளைத்துப் பார்த்தேன், படக்கென்று முறிந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு ரோடோடெண்ட்ரான். வருஷம் முழுக்க இலையோடு இருக்கும் செடி என்று சொல்லித்தான் தந்தார்கள். இன்று காலை மைனஸ் 14 டிகிரி. அதன் இலை ஒவ்வொன்றும் பென்சில் மாதிரி சுருண்டு தலைகீழாகத் தொங்குகிறது. தண்ணீர் இல்லாமல் வாடிவிட்டது என்று நினைத்து நேற்று ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். எந்த மாற்றமும் இல்லை.

அப்புறம் பூண்டுப் பாத்தி. அக்டோபர் கடைசியில் 60 பல் ஊன்றினேன். மண் விறைத்துவிடக் கூடாது, கொஞ்சமாவது வெயில் படட்டும் என்று ஒவ்வொரு தடவை பனி பெய்து ஓய்ந்ததும் பாத்தி மேலிருக்கும் பனியை வாரி ஓரத்தில் போட்டுவிடுகிறேன். மூன்று வாரமாக இதே வேலை. சுற்றிலும் முழங்கால் உயரம் பனி, பாத்தி மட்டும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நேற்று மண்ணில் விரலை வைத்துக் குத்திப் பார்த்தேன், சிமெண்ட் தரை போல இருக்கிறது.

உள்ளே ஏதாவது உயிரோடு இருக்குமா? இந்த நாலு மாதமும் செடியும் மண்ணும் என்னதான் செய்துகொண்டிருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மார்ச்சில் புதிதாகத் தொடங்க வேண்டுமோ என்று கவலையாக இருக்கிறது.

நிழல்வேலி | ஜனவரி 11

எதையும் பிடுங்காதீர்கள். ஆப்பிள் கிளையில் கைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து தூளாக வந்தால் அந்தக் கிளை போய்விட்டது. கிளை நுனியில் பச்சை இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அடி நோக்கி வந்து பாருங்கள். நுனி செத்தால் மரம் செத்தது என்று அர்த்தம் இல்லை. கடும் குளிரில் வளைத்தால் நல்ல கிளையும் முறியும், அதனால் வளைத்துப் பார்க்க வேண்டாம்.

மண்வாசம் | ஜனவரி 12

முதலில் பனி வாருவதை நிறுத்துங்கள், தம்பி. ஓரத்தில் குவித்து வைத்த பனியை இன்றே பாத்தி மேல் திரும்பப் போடுங்கள். அமுக்காமல், உதிரியாகத் தூவுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மண் ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினோரு பனிக்காலம் மாதிரி எடுக்கும் வேலை பார்த்தவள். "பனியில் போய் என்ன மாதிரி எடுக்கிறீர்கள், மண்தான் தூங்குகிறதே" என்று கேட்காத ஆளில்லை. அதனால் இந்தக் கேள்வியைக் கண்டதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதிதாகப் பெய்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். பஞ்சு மெத்தை எப்படிச் சூட்டை விடாமல் பிடிக்கிறதோ அப்படித்தான் இதுவும் பிடிக்கிறது. கோடை முழுக்க மண் வாங்கிவைத்த சூடு பனிக்காலத்தில் ஆழத்திலிருந்து மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும். மேலே பனி இருந்தால் அந்தச் சூடு அங்கேயே தங்கும். நீங்கள் பனியை வாரியதும் அது நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. பகலில் படுகிற அந்தக் கொஞ்ச வெயில் இதை ஈடுகட்டாது.

என் தோட்டத்தில் போன வருஷம் வெப்பமானிக் கம்பிகள் நட்டு வைத்திருந்தேன். ஒரு ஜனவரி விடியலில் குறித்ததைச் சொல்கிறேன். காற்றில் மைனஸ் 19. நாற்பது சென்டிமீட்டர் பனிக்கு நடுவில் மைனஸ் 7. அந்தப் பனிக்கு அடியில், மண்ணுக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் அரை டிகிரி. இரண்டு அடி தள்ளி, நடப்பதற்காகப் பனி வாரிய பாதையில், அதே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 8. ஒரே தோட்டம், ஒரே இரவு. உங்கள் பாத்தி சிமெண்ட் மாதிரி ஆனது இதனால்தான்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆய்வுக் காடு இருக்கிறது. 1990களின் கடைசியில் அங்கே ஆய்வாளர்கள் நீங்கள் செய்ததையே வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். காட்டில் சில இடங்களில் மட்டும் பனிக்காலத்தின் முதல் பாதியில் பனியை வாரிக்கொண்டே இருந்தார்கள். அங்கே மண் ஆழமாக உறைந்தது. மரங்களின் மெல்லிய சல்லிவேர்கள் அதிகமாகச் செத்தன. அந்த வேர்கள் உறிஞ்சியிருக்க வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்), நைட்ரேட்டாக மண் நீரோடு வெளியேறியது. பனி குறைந்தால் மண்ணுக்குக் குளிர் கூடும் என்பது கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் உண்மை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பூஜ்ஜியம் டிகிரி வந்ததும் மண்ணில் இருக்கும் தண்ணீர் முழுவதும் உறைந்துவிடுவதில்லை. மண் துகள்களை ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக, உப்பும் கரைந்து, பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழேயும் கொஞ்சம் தண்ணீர் திரவமாகவே இருக்கும். அந்தப் படலத்தில்தான் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன.

ஒரு பிப்ரவரி காலையை மறக்கவே மாட்டேன். இடுப்பளவு பனியைத் தோண்டி இறங்கினேன். கடைசி ஒரு சாண் பனி மட்டும் கெட்டியாக இல்லை, உப்புக்கல் மாதிரி பொருபொருவென்று இருந்தது. அதைக் கையால் தள்ளியதும் சருகு. மேல் சருகை நகத்தால் தூக்கினேன், அது தனியாக வரவில்லை. அடியில் இருந்த நாலைந்து சருகும் சேர்ந்து ஒரு தட்டாக எழுந்தது. திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றையும் வெள்ளை நூல் ஒன்று தைத்து வைத்திருக்கிறது. பூஞ்சை இழை. சில இடத்தில் சிலந்தி வலையை விட மெல்லியது, சில இடத்தில் தையல் நூல் அளவு. சருகின் நரம்பு மட்டும் மிச்சமிருக்க, நடுச் சதையைத் தின்று முடித்திருந்தது. மண்ணை முகர்ந்தேன். மழை ஓய்ந்த பிறகு காட்டுக்குள் போனால் வருமே, அதே காளான் வாசம். மேலே காற்று முகத்தை அறுக்கிறது, கீழே அந்த வாசம். கையுறையைக் கழற்றிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்திருந்தேன்.

கொலராடோ மலைகளில் நைவாட் ரிட்ஜ் என்ற இடத்தில் பனிக்கு அடியில் பல வருஷம் அளந்திருக்கிறார்கள். அங்கே மண் நுண்ணுயிர்களின் மொத்த எடை உச்சத்துக்குப் போவது கோடையில் இல்லை, பனிக்காலத்தின் கடைசியில். அதிலும் பூஞ்சைகளே அதிகம். அதுவரை யாரும் அறியாத பூஞ்சைக் குலங்கள் சிலவற்றை அந்த மண்ணில் கண்டதாக 2003இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பனி உருகும்போது இந்தக் குளிர்காலக் கூட்டத்தில் பெரும்பகுதி செத்துவிடுகிறது. அவற்றின் உடலில் இருந்த தழைச்சத்து மண்ணுக்கு வருகிறது, சரியாகச் செடிகள் கண்விழித்துப் பசியோடு தேடும் நேரத்தில். வசந்தத்தில் செடி குடிக்கும் முதல் சத்து இந்தப் பனிக்குள்தான் தயாராகிறது.

மண்புழு பற்றியும் ஒரு வரி. ஆழக்குழி போடும் வகை, உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். மேல்மண்ணில் வாழும் வகைகள் பலவும் செத்தாலும், அவற்றின் முட்டைக்கூடுகள் தப்பிப் பிழைக்கும்.

இனி உங்கள் ஆப்பிள். இலை கொட்டியதை மரம் தோற்றுப்போனதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உதிர்ப்பதற்கு முன்பே இலையில் இருந்த தழைச்சத்து, மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பங்கை மரம் உறிஞ்சி, பட்டையிலும் வேரிலும் சேர்த்துவிட்டது. காம்பின் அடியில் ஒரு தடுப்புப் படலம் போட்டுக் காயத்தையும் மூடிவிட்டது.

மொட்டைப் பாருங்கள். என் மரத்திலிருந்து ஒரு தடித்த மொட்டை எடுத்து, பிளேடால் நேர் பாதியாக வெட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். வெளியே பழுப்புச் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று. அதற்குள் வெள்ளைப் பூனைமயிர் அடைத்திருக்கிறது. அதற்கும் உள்ளே, கடுகில் பாதி கூட இல்லாத பச்சைப் புடைப்புகள் ஐந்தாறு. ஒவ்வொன்றும் ஒரு பூ. மேயில் பூக்கப்போகும் பூ, அதற்கு முந்தின கோடையிலேயே கருக்கொண்டு ஜனவரியில் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அது எப்படி உறையாமல் இருக்கிறது என்றால், குளிர் கூடக் கூட மரம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி வெளியே கசிந்து, செல்களுக்கு இடையில் இருக்கும் வெளியில் பனிக்கட்டியாகிறது. உள்ளே மிஞ்சுவது கெட்டியான சர்க்கரைக் கரைசல், அது எளிதில் உறையாது. பனிக்கட்டி செல்லுக்குள் உருவானால்தான் செல் கிழிந்து சாகும், வெளியே உருவானால் தாங்கும். ஆப்பிள் மரக்கட்டையில் இருக்கும் உயிருள்ள செல்கள் இன்னொரு வழியில் மைனஸ் 40 டிகிரி வாக்கில்கூட உறையாமல் தாக்குப்பிடிக்கும். ஆனால் இதே மரம் மேயில் பூத்து நிற்கும்போது ஓர் இரவு மைனஸ் 4 வந்தால் போதும், பெரும்பாலான பூ கருகிவிடும். இலையுதிர்காலம் முழுக்க வாரம் வாரமாகத் தன்னைப் பக்குவப்படுத்திக்கொண்டதால் வந்த தாங்குசக்தி இது.

குளிர் அதற்குத் தேவையும்கூட. பல ஆப்பிள் ரகங்களுக்கு 0 முதல் 7 டிகிரி வரை உள்ள குளிர் 800 முதல் 1000 மணி நேரம் கிடைக்க வேண்டும். அது கிடைக்காமல் மொட்டு ஒழுங்காகத் திறக்காது. டிசம்பரில் நடுவே இரண்டு நாள் வெயில் அடித்தால் ஏமாந்து பூத்துவிடாமல் இருப்பதற்கு மரம் வைத்திருக்கும் கணக்கு இது.

பூண்டும் அப்படித்தான். அக்டோபரில் ஊன்றிய பல் மண் உறைவதற்கு முன்பே வேர் விட்டிருக்கும். போதிய குளிர் படாத பூண்டு பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். அதற்குக் குளிர் வேண்டும், ஆனால் மைனஸ் 8 வேண்டாம், புரிகிறதா?

ரோடோடெண்ட்ரானுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது வாடவில்லை. கடும் குளிரில் ஒளியை உணவாக்கும் வேலை இலைக்குள் நின்றுவிடும், ஆனால் வெயில் விழுவது நிற்காது. மிஞ்சிய ஒளி பச்சையத்தைக் கெடுக்கும். அதனால் இலை சுருண்டு, வெயிலுக்கு முகம் காட்டாமல் தொங்கிக்கொள்கிறது. குளிர் கூடக் கூட இறுகச் சுருளும், குளிர் தணிந்தால் விரியும். காலையில் வெப்பமானி பார்ப்பதற்கு முன்பு நான் அந்தச் செடியைத்தான் பார்ப்பேன்.

கவாத்துக்கத்தி | ஜனவரி 12

மண்வாசம் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பனிப்போர்வைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த இளஞ்சூடு வயல் எலிக்கும் பிடிக்கும். பனிக்கு அடியில் சுரங்கம் போட்டு வந்து கன்றின் அடிப்பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். பட்டை வளையமாகப் போய்விட்டால் இலை தயாரிக்கும் சர்க்கரை வேருக்கு இறங்காது, வேர் பட்டினியில் சாகும். எனக்கு ஒரே பனிக்காலத்தில் நாலு கன்று இப்படிப் போனது. பனி உருகியபிறகுதான் பார்த்தேன், அழாத குறை. கம்பிவலையை உருளையாக வளைத்து, பனி மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரும்படி அடிமரத்தைச் சுற்றி வையுங்கள். கன்றைச் சுற்றி ஒரு முழம் மட்டும் பனியைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டால் எலி வருவது குறையும். பாத்தியை மட்டும் மிதிக்காதீர்கள்.

வெயில் விழும் பக்கத்துப் பட்டையையும் கவனியுங்கள். பகலில் சூடாகி, சூரியன் இறங்கியதும் சட்டென்று உறைந்து, செங்குத்தாக வெடிக்கும். வெள்ளைத் துணியோ வெள்ளைப் பூச்சோ போட்டால் சூடு ஏறாது. நடைபாதையில் தூவும் உப்பு கலந்த பனியைப் பாத்தியில் போட்டுவிடவே கூடாது.

விதைப்பெட்டி | ஜனவரி 13

குளிர்க்கணக்கு பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. விதைக்கும் அதே கணக்கு உண்டு, நீங்கள் அதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆப்பிள் விதையைக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாரம் ஒரு முறை ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான் நவம்பரில் பன்னிரண்டு விதை வைத்தேன். ஃபிரிட்ஜுக்கு வெளியே, வீட்டுக்குள்ளேயே ஈரத் துணியில் வைத்த இன்னொரு பன்னிரண்டும் இன்றுவரை அசையவில்லை. ஃபிரிட்ஜில் இருந்ததில் 68ஆம் நாள், அதாவது நேற்று, மூன்று விதை தோலைப் பிளந்து வெள்ளை முனை நீட்டியிருக்கிறது. அந்த 4 டிகிரி இருட்டிலேயே வேர் வந்துவிட்டது!

துளிர் | ஜனவரி 20

எல்லோருக்கும் நன்றி. மண்வாசம் அக்கா, அன்றைக்கே பனியைத் திரும்பப் போட்டுவிட்டேன். மனது கேட்காமல் அதற்கு மேல் வைக்கோலும் கொஞ்சம் பரப்பினேன்.

ஆப்பிள் கன்றைச் சுரண்டிப் பார்த்தேன். நுனியில் இரண்டு கிளை பழுப்பு. அதற்குக் கீழே எங்கு சுரண்டினாலும் பச்சை, பட்டாணித் தோலின் பச்சை. நகத்தில் ஈரம்கூட ஒட்டியது. பனிக்கு நடுவில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கம்பிவலையும் வைத்தாயிற்று.

நேற்று மதியம் 3 டிகிரி வரை ஏறியது. ரோடோடெண்ட்ரான் இலைகள் பாதி விரிந்து, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் நின்றன. இன்று காலை மறுபடியும் பென்சில்.

வேலியோரம் பனியை விலக்கிச் சருகைத் தூக்கிப் பார்த்தேன். அக்கா சொன்ன வெள்ளை நூல் இருந்தது. அப்படியே மூடிவிட்டேன். ஒரு கேள்வி. பிப்ரவரியில் திடீரென்று ஒரு வாரம் வெயில் அடித்தால் வைக்கோலை எடுத்துவிடலாமா?

மண்வாசம் | ஜனவரி 20

எடுக்காதீர்கள், அப்போதுதான் அது ரொம்ப முக்கியம். ஜனவரி கடைசிக்குள் பெரும்பாலும் குளிர்க்கணக்கு முடிந்திருக்கும். அதன் பிறகு செடியைப் பிடித்துவைத்திருப்பது வெளிக்குளிர் மட்டும்தான். சூடு வந்தால் விழித்துக்கொள்ளும், விழித்தால் தாங்குசக்தி சில நாளிலேயே இறங்கிவிடும், திரும்ப ஏற்றுவது கடினம். மூடாக்கு போடுவது மண்ணைச் சூடாக்க அல்ல, ஒரே சீராக வைக்க. பகலில் இளகி இரவில் உறைவதுதான் தொடர்ந்து உறைந்து கிடப்பதைவிட வேருக்குக் கொடுமை.

பனி உருகிய பிறகு கொத்தவும் அவசரப்படாதீர்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினாலும் உடையாமல் இருந்தால் இன்னும் ஈரம் அதிகம், அதில் கால்கூட வைக்காதீர்கள். தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும்.

துளிர் | ஏப்ரல் 9

அக்கா, பாத்தியில் 51 முளை வந்திருக்கிறது. ஒரு விரல் நீளம். மூன்று பல் அழுகிவிட்டது. ஆறு பல் மண்ணுக்கு மேலே வந்து படுத்துக் கிடக்கிறது! யாரும் தோண்டவில்லை, அணிலும் வரவில்லை. எல்லாம் நான் பனி வாரிய நடுப்பகுதியில்தான். இரண்டுக்கு அடியில் வெள்ளை வேர் ஏழெட்டு இருக்கிறது. ஆப்பிள் மொட்டு இரண்டு நாளாகப் பருத்து, செதில் விலகி, நுனியில் பச்சை தெரிகிறது.

மண்வாசம் | ஏப்ரல் 9

பனிக்கட்டி தூக்கிப் போட்டிருக்கிறது. மண்ணின் மேற்பகுதி உறையும்போது கீழிருக்கும் தண்ணீரை அங்கே இழுத்துக்கொள்ளும். அது தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி ஆகும்போது மேலே உள்ளதையெல்லாம் தூக்கும். இளகும்போது மண் இறங்கிவிடும், பல் இறங்காது. போர்வை இல்லாத இடத்தில்தான் இது அதிகம்.

வேர் இருக்கும் இரண்டையும் அழுத்தித் திணிக்காதீர்கள், வேர் முறியும். பக்கத்தில் விரலால் பள்ளம் பறித்து, வேரைக் கீழே விட்டு, கழுத்து வரை மண் அணையுங்கள். மற்ற நாலையும் கூர்முனை மேலே இருக்கும்படி ஊன்றிப் பாருங்கள், குளிர் வாங்கிய பல்தானே, இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைக்கே செய்துவிடுங்கள், வெயிலில் வேர் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.